அலைகள் யாருடையவை?

நேயர்களுக்கு வணக்கம். இந்திய வானொலியின் தலையெழுத்தை மாற்றிய வழக்கு ஒரு கிரிக்கெட் வழக்கு என்றால் நம்புவீர்களா?

1993 நவம்பரில் ஹீரோ கோப்பைப் போட்டிகளை வங்காள கிரிக்கெட் சங்கம் நடத்தியது. ஒளிபரப்பு உரிமையை டி.டபிள்யூ.ஐ. என்ற வெளிநாட்டு நிறுவனத்துக்கு விற்றது. தூர்தர்ஷனுக்குக் கோபம். நாங்கள் காட்ட வேண்டுமா, ஆட்டத்துக்கு 5 லட்சம் நீங்கள்தான் கட்ட வேண்டும் என்றது. கருவிகள் வந்து இறங்கியதும் பம்பாய் விமான நிலையத்தில் சுங்கத் துறை பிடித்து வைத்துக்கொண்டது. சங்கம் கல்கத்தா உயர் நீதிமன்றத்துக்கு ஓடியது. வழக்கு டெல்லி வரை போனது.

அரசு கையில் வைத்திருந்த ஆயுதம் 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டம். வானொலியே பிறக்காத காலத்துச் சட்டம்! 1995 பிப்ரவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நீதிபதிகள் சாவந்த், மோகன், ஜீவன் ரெட்டி. வானொலியையும் தொலைக்காட்சியையும் சுமந்து வரும் வானலைகள் பொதுச் சொத்து, அரசின் ஏகபோகம் அல்ல. அதற்காகக் காசுள்ளவர்கள் அள்ளிக்கொண்டு போகவும் விடக்கூடாது. சுதந்திரமான பொது அமைப்பு ஒன்று இவற்றை நிர்வகிக்க வேண்டும் என்றார்கள்.

சரி, அந்த அமைப்பு வந்ததா? 1997இல், தூர்தர்ஷனையும் ஆகாசவாணியையும் நடத்தும் பிரசார் பாரதி வந்தது. ஆனால் உரிமம் தரும் பேனா இன்றும் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் கையில்தான்.

ஜஹீராபாத் பக்கத்துப் பெண்களைக் கேட்டால் தெரியும். தெலுங்கானாவின் அந்த வறண்ட பூமியில், யுனெஸ்கோ உதவியோடு தலித் பெண்கள் 1990களிலேயே ஒலிப்பதிவுக் கூடம் கட்டிவிட்டார்கள். உரிமம் இல்லை. என்ன செய்வது? விதை, வைத்தியம், பாட்டு என்று கேசட்டில் பதிந்து, தங்கள் பெண்கள் சங்கக் கூட்டங்களில் போட்டுக் கேட்டார்கள். அவர்களுடைய ‘சங்கம் ரேடியோ’ என்ற நிலையம் ஒலிபரப்பைத் தொடங்கியது 2008 அக்டோபரில். தீர்ப்பு வந்து பதின்மூன்று வருடம் கழித்து! கல்வி நிறுவனங்களுக்குக் கொஞ்சம் முன்பே கதவு திறந்தது. நம் அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். 2004இலேயே வந்துவிட்டது.

இப்படிப்பட்ட சமுதாய வானொலிகளுக்குக் கிடைப்பதும் பெரிய உரிமம் இல்லை. 100 வாட் கதிர்வீச்சுத் திறன், சுற்றியுள்ள சில ஊர்களுக்குக் கேட்கும். அப்புறம், செய்தி வாசிக்கக் கூடாது. தனியார் எஃப்.எம். நிலையங்களுக்கும் இதே கதைதான்: ஆகாசவாணிச் செய்தியை அப்படியே எடுத்துப் போடலாம், சொந்தமாகத் தயாரிக்க முடியாது. பொதுநல வழக்குகள் போடும் காமன் காஸ் அமைப்பு 2013இல் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. பத்திரிகைக்கும் தொலைக்காட்சிக்கும் இல்லாத தடை வானொலிக்கு மட்டும் ஏன் என்பதே கேள்வி. பாதுகாப்பு என்கிறது அரசு. எனக்கு அது சமாதானமாகப் படவில்லை.

இன்றைய நிலையில், உங்கள் ஊர் சமுதாய வானொலி குடிநீர் எத்தனை மணிக்கு வரும் என்று சொல்லலாம். ஏன் வரவில்லை என்று விசாரித்துச் செய்தியாகச் சொல்ல முடியாது.