ஆறாவது சோறு

நேயர்களுக்கு வணக்கம். பேனா இருந்தால் ஓர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுப்படியில் இருப்பவர்கள் காதில் வாங்கினால் போதும். நானூற்று இருபத்தொன்பது கோடியே நாற்பத்தொன்பது லட்சத்து அறுபத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றேழு. 4294967297.

இது எங்கிருந்து வந்தது? 2-இல் தொடங்குங்கள். அதை அதாலேயே பெருக்கினால் 4. நாலை நாலால், 16. பதினாறைப் பதினாறால், 256. மறுபடியும், 65536. இன்னும் ஒரு தரம் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் நம் எண். முந்தைய ஐந்தோடும் ஒன்றைக் கூட்டிப் பாருங்கள்: 3, 5, 17, 257, 65537. ஐந்துமே பகா எண்கள். ஒன்றையும் தன்னையும் தவிர எதற்கும் மீதியில்லாமல் வகுபடாதவை.

பிரான்சில், துலூஸ் நகர நீதிமன்றத்தில் பதவியில் இருந்தவர் ஃபெர்மா. இந்த வரிசையில் வருவதெல்லாம் பகா எண்தான் என்று 1640-இல் கடிதம் எழுதினார். நிரூபணம் கையில் இல்லை என்பதையும் மறைக்கவில்லை, பாவம்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். அவர் ஐந்து சோறு பார்த்தார். ஆறாவது வேகவில்லை! வகுப்பில் நான் ஓயாமல் சொன்னது இதைத்தான்: பானைக்கு ஒரே அடுப்பு, ஒரே கொதி. எண்களுக்கு அப்படியில்லை, ஒவ்வொன்றுக்கும் தனி அடுப்பு. "நாலு கணக்குல சரியா வந்துச்சு சார்" என்று நிற்கும் பையனிடம் ஐந்தாவதைக் கேட்பேன்.

1732-இல் ஆய்லர் என்ற கணித மேதை நம் எண்ணை உடைத்தார்: 641 பெருக்கல் 6700417. அதாவது இது பகு எண். சரியாக இரண்டே பகா எண்களின் பெருக்கல். வழியையும் அவரே பின்னால் நிரூபித்தார். இதை வகுக்கும் எந்தப் பகா எண்ணையும் 64-ஆல் வகுத்தால் மீதி 1 வரும். அப்படிப்பட்டவை 193, 257, 449, 577, அடுத்து 641. ஐந்தே வகுத்தல்! கண்ணை மூடிக்கொண்டு 2, 3, 5 என்று போயிருந்தால் 116-ஆவது பகா எண்ணில்தான் 641 வந்திருக்கும்.

எனக்குப் பிடித்த கதை இனிமேல்தான். அமெரிக்காவின் வெர்மான்ட்டில் பிறந்த ஸெரா கோல்பர்ன் என்ற சிறுவனை, 1812-இல், எட்டு வயதில், தகப்பனார் லண்டனுக்குக் கூட்டிவந்து மனக்கணக்குக் காட்சி நடத்தினார். 21734-ஐ 543-ஆல் பெருக்கு என்றார்கள். 1,18,01,562 என்றான். எப்படிடா? 543 மூன்றால் வகுபடுமே, அந்த மூன்றை 21734-க்குக் கொடுத்து 65202 ஆக்கி, 181-ஆல் பெருக்கினேன் என்றான். எட்டு வயது! அவனிடம் நம் எண்ணையும் கேட்டார்கள். தாளில்லை, பேனாவில்லை, 641-ஆல் வகுபடும் என்றான். ஐந்து சோறு பார்த்து ஏமாறவில்லை, பாருங்கள். இதை எப்படிக் கண்டாய் என்றால் மட்டும் அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். பலகோணங்களைப் பற்றியும் வைத்திருந்தேன், போகட்டும். ஒன்றே ஒன்று: நம் எண்ணில் இரண்டைக் குறையுங்கள், 4294967295. அந்த ஐந்து பகா எண்களையும் பெருக்கினால் அதுவேதான் வரும். இன்று ராத்திரி போட்டுப் பாருங்கள். இந்த வரிசையில் ஏழாவதாக வருவது பகா எண்ணா என்றால், அதுவும் இல்லை, 274177-ஆல் வகுபடும். அது அச்சில் வெளிவர 1880 வரை ஆயிற்று. வணக்கம்.