கட்டிலுக்கு அடியில் கிடக்கும் புத்தகங்கள்: முதல் நூறு வாசகரைத் தேடிப் போவது எப்படி?

[காட்சி: கட்டிலுக்கு அடியிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை இழுக்கும் கை. பெட்டி நிறைய ஒரே புத்தகத்தின் படிகள்.]

வணக்கம். இந்தப் பெட்டி தருமபுரியில் என் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் எட்டு மாதம் கிடந்தது. உள்ளே இருப்பது என் முதல் சிறுகதைத் தொகுப்பு. மாந்தோப்புக் காவலுக்குப் போகிறவர்களைப் பற்றிய கதைகள். 500 படி அச்சடித்தேன். வெளியீட்டு விழாவில் 31 படி விற்றது. மீதியை ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

முதல் புத்தகம் போட்ட பலர் வீட்டில் இப்படி ஒரு பெட்டி இருக்கிறது. எழுதத் தெரிந்த நமக்கு விற்கத் தெரியவில்லை, அதைச் சொல்லித் தரவும் ஆளில்லை. கையில் பெரிய பணம் இல்லாமல் ஒரு புத்தகத்தை வாசகரிடம் கொண்டுபோவது எப்படி என்று நான் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டதை இந்த வீடியோவில் சொல்கிறேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. இதைப் போடாமல்தான் நான் அச்சகத்தில் முன்பணம் கட்டினேன்.

[காட்சி: நோட்டில் பேனாவால் எண்களை எழுதும் கை.]

160 பக்கம், விலை 200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு படிக்கு அச்சுச் செலவு 80 ரூபாய். கணக்கு புரிவதற்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள் இவை. உங்கள் அச்சகம் சொல்லும் விலையை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். புத்தகக் கடைக்கு 30 முதல் 40 சதவீதம் வரை கழிவு கொடுப்பது வழக்கம். 40 என்றால் 80 ரூபாய் அங்கே போய்விடும், அச்சுக்கு இன்னொரு 80, உங்களுக்கு நிற்பது 40 ரூபாய். அதே படியைப் புத்தகத் திருவிழாவில் தருவது போல 10 சதவீதம் தள்ளுபடி கொடுத்து நீங்களே விற்றால் 180 வரும், அச்சு போக 100 நிற்கும்.

சரி, வெளியீட்டு விழாவுக்கு மண்டபம், ஃபிளெக்ஸ், சால்வை, சாப்பாடு என்று 20,000 ரூபாய் செலவழித்தால் என்ன ஆகும்? அந்தக் காசு திரும்பி வரக் கடை வழியாக 500 படி விற்க வேண்டும். நேரில் விற்றாலும் 200 படி. என் விழாவுக்கு வந்தவர்கள் ஏறக்குறைய எல்லாருமே எனக்குச் சொந்தக்காரர்களும் நண்பர்களும்தான். அன்போடு வந்தார்கள், வாழ்த்தினார்கள். அவர்களில் பெரும்பாலோர் கதை படிக்கிறவர்கள் இல்லை. அது அவர்கள் குற்றமும் இல்லை.

இன்னொன்று. ஆஃப்செட் அச்சில், அதாவது பக்கங்களைத் தகட்டில் (பிளேட்) ஏற்றி அச்சடிக்கும் முறையில், பிளேட் போடும் செலவு முதலிலேயே விழுந்துவிடும். அதனால் படி கூடக் கூட ஒரு படியின் விலை குறையும். "500 போட்டுக்கோங்க சார், ரேட் குறையும்" என்று அச்சகத்தில் சொல்வது பொய் இல்லை. ஆனால் விற்காத படி எவ்வளவு மலிவாக அச்சானாலும் நஷ்டம்தான். இன்று டிஜிட்டல் அச்சில் 50, 100 என்று போட முடிகிறது. முதல் புத்தகத்துக்கு 100 போதும். அச்சகத்தில் 16 பக்கத்தை ஒரு ஃபாரம் என்பார்கள். பக்கங்களை 16-இன் மடங்கில் முடியும்படி அமைத்தால் ஃபாரம் கணக்குச் சரியாக வரும், தாள் வீணாகாது. 160 பக்கம் என்றால் சரியாகப் பத்து ஃபாரம்.

[காட்சி: கிருஷ்ணகிரி பக்கத்து மாந்தோப்பு. மரத்தடியில் சாக்கு விரித்த கயிற்றுக் கட்டில்.]

இப்போது என் பெட்டி எப்படிக் காலியாக ஆரம்பித்தது என்று சொல்கிறேன். அடுத்த மாம்பழ சீசனில், தோப்புக் குத்தகை எடுக்கும் ஒருவர் என் வீட்டுக்கு ஒரு வேலையாக வந்தார். புத்தகத்தின் அட்டையில் கயிற்றுக் கட்டில் படம் இருந்தது. "இது யாரு தோப்புங்க?" என்று கேட்டார். கதை என்றேன். நின்றபடியே இரண்டு பக்கம் படித்தார். "எங்க ஆளுங்க கதையா இருக்குதே" என்று சொல்லிப் பத்துப் படி கேட்டார். காசு கொடுத்துத்தான் வாங்கினார். மண்டியில் கூட வியாபாரம் செய்கிறவர்களுக்குக் கொடுத்தார். அடுத்த வாரம் மண்டியிலிருந்து இரண்டு பேர் போன் செய்தார்கள்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கிருஷ்ணகிரி மாவட்டம் முழுக்க மாமரம். பெங்களூரா ரக மாங்காய் லாரி லாரியாக மாங்கூழ் ஆலைகளுக்குப் போகிறது. இத்தனை பேர் என் கதைக்குள் இருக்கும் வாழ்க்கையை வாழ்கிறார்கள். நான் அவர்கள் ஒருவரிடமும் போகாமல், இலக்கியம் படிக்கிறவர் எங்கே இருக்கிறார் என்று முகநூலில் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

உங்கள் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு இதைக் கேட்டுப் பாருங்கள்: இதில் வரும் விஷயம் யாருடைய விஷயம்? அவர்கள் எங்கே கூடுகிறார்கள்? பாலக்கோடு, இராயக்கோட்டைப் பக்கத்துத் தக்காளி விவசாயம் பற்றி எழுதியிருந்தால் இடம் தக்காளி மார்க்கெட். ஆசிரியர் வேலை பற்றி என்றால் ஆசிரியர் சங்கக் கூட்டம். பெங்களூருக்கு வேலைக்குப் போன குடும்பத்தின் கதை என்றால், இந்த இரண்டு மாவட்டத்திலிருந்தும் அங்கே போயிருக்கும் ஆயிரக்கணக்கானவர்கள் உங்கள் வாசகர்கள். கவிதைத் தொகுப்புக்கு இப்படி ஓர் இடம் கண்டுபிடிப்பது கடினம், அதை ஒத்துக்கொள்கிறேன். அதற்குக் கல்லூரித் தமிழ்த்துறைகளும் வாசகர் வட்டங்களும்தான் முதல் கதவு.

[காட்சி: ஒட்டு மாங்கன்றுகள் வரிசையாக அடுக்கிய நாற்றுப் பண்ணை. கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஐந்து புத்தகங்கள்.]

நான் செய்தது இது. போச்சம்பள்ளிக்குப் பக்கத்தில் சந்தூரில் ஒட்டு மாங்கன்று விற்கும் பண்ணைகள் இருக்கின்றன. கன்று வாங்க வெளியூரிலிருந்தும் வருகிறார்கள். ஒரு பண்ணையில் ஐந்து படி வைக்கக் கேட்டேன். விற்றால் காசு, விற்காவிட்டால் நானே வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றேன். கடைக்குக் கொடுக்கும் அதே கழிவை அவருக்கும் கொடுத்தேன். அன்பளிப்பாக வைக்கச் சொல்லாதீர்கள். அவருக்கும் நாலு காசு கிடைத்தால்தான், வருகிறவரிடம் "இதைப் பாருங்க" என்று ஒரு வார்த்தை சொல்வார். மாதம் ஒரு முறை நேரில் போய்க் கணக்கு முடிப்பேன். அந்தப் போக்குவரத்து முக்கியம். போகாமல் விட்டால் புத்தகம் தூசி படிந்து மூலைக்குப் போய்விடும்.

அடுத்து, வாங்கியவரின் தொடர்பு. இதில்தான் நாம் பெரும்பாலும் கோட்டை விடுகிறோம். 31 பேர் வாங்கினார்களே, அவர்களில் ஒருவரின் எண்கூட என்னிடம் இல்லை.

வாட்ஸ்அப் பிசினஸ் செயலி இலவசம். அதில் கேட்டலாக் என்ற பகுதியில் அட்டைப்படம், விலை, நாலு வரி அறிமுகம் போட்டு வைக்கலாம். குழு ஆரம்பிக்க வேண்டாம், குழுவில் காலை வணக்கப் படங்கள் வந்து நிறைந்துவிடும். பிராட்காஸ்ட் பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். நீங்கள் அனுப்புவது ஒவ்வொருவருக்கும் தனிச் செய்தியாகப் போகும். ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது: உங்கள் எண்ணைத் தன் போனில் பதிந்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அது போய்ச் சேரும். அதனால் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எண்ணையும் க்யூஆர் கோடையும் அச்சடித்து, "படித்துவிட்டு இரண்டு வரி அனுப்புங்கள், இந்த எண்ணைப் பதிந்துகொள்ளுங்கள்" என்று எழுதுங்கள். அச்சில் இதற்குத் தனிச் செலவு கிடையாது. மாதத்துக்கு ஒரு செய்தி, அதிகம் போனால் இரண்டு. "வாங்குங்கள் வாங்குங்கள்" என்று மட்டும் அனுப்பினால் தடுத்துவிடுவார்கள். ஒரு பக்கத்தை உங்கள் குரலில் வாசித்து ஒரு நிமிட ஒலிப்பதிவாக அனுப்பிப் பாருங்கள். தோப்பில் ராத்திரி காவல் இருக்கிறவர்களுக்கு என் குரல் பதிவுகள்தான் பிடித்தன. கதையைக் கேட்டுவிட்டு, பிள்ளைகள் படிக்கட்டும் என்று புத்தகம் வாங்கியவர்கள் உண்டு.

[காட்சி: பழுப்புத்தாளில் புத்தகத்தைச் சுற்றி, நூல் கட்டி, முகவரி எழுதும் கை.]

வெளியூர்க்காரர் கேட்டால் அனுப்பும் செலவு இடிக்கும். கூரியருக்கே 60, 70 ரூபாய் ஆனால் 200 ரூபாய்ப் புத்தகத்தை யார் வாங்குவார்? அஞ்சல் துறை 2025 மே 1 முதல் ‘ஞான் போஸ்ட்’ என்ற சேவையை நடத்துகிறது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய், இந்தக் கட்டணத்தோடு வரி தனி. தரைவழியாகப் போவதால் கொஞ்சம் நாளாகும், ஆனால் எங்கே போகிறது என்று இணையத்தில் பார்க்கலாம். பாடநூல்களும் சமூக, பண்பாட்டு, சமய நூல்களும் அனுப்பத்தான் இந்தச் சேவை. பருவ இதழ்களுக்கும் விளம்பரத் தாள்களுக்கும் இது கிடையாது. புத்தகத்தில் அச்சகத்தின் பெயரோ பதிப்பாளர் பெயரோ கட்டாயம் இருக்க வேண்டும். சொந்தமாகப் போடுகிறவர்கள் சில சமயம் இதை விட்டுவிடுகிறார்கள், இரண்டாம் பக்கத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். முதல் முறை போகும்போது ஒரு படியைக் கையில் கொண்டுபோய்க் கவுன்டரில் காட்டி, செல்லுமா என்று கேட்டுவிடுவது நல்லது.

அப்புறம் நூலகம். கிளை நூலகங்கள் பலவற்றில் வாசகர் வட்டம் இருக்கிறது. நூலகரிடம் ஒரு படி கொடுத்து, படித்துப் பார்த்துப் பிடித்திருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை உரையாடலுக்குக் கூப்பிடுங்கள் என்று சொல்லுங்கள். மண்டப வாடகை இல்லை, சால்வையும் வேண்டாம். பதினைந்து பேர் வருவார்கள், பதினைந்து பேரும் படிக்கிறவர்கள். எனக்கு அப்படி ஒரு கூட்டத்தில் 9 படி விற்றது. விழாவில் விற்ற 31-ஐ விட அந்த 9 பெரிது, ஏனென்றால் அந்த ஒன்பது பேரில் ஆறு பேர் படித்துவிட்டுப் பேசினார்கள். ஒருவர் ஒரு கதையின் முடிவு பொய்யாக இருக்கிறது என்றார். அது சரிதான் என்று எனக்கும் பட்டது, மறுபதிப்பில் மாற்றப் போகிறேன்.

2022 முதல் மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழா நடத்த அரசு ஏற்பாடு செய்திருக்கிறது. தருமபுரியிலும் நடக்கிறது, ஓசூரிலும் நடக்கிறது. ஒரே புத்தகத்தை வைத்துக்கொண்டு தனி அரங்கு எடுக்காதீர்கள், வாடகைகூட வராது. உள்ளூரில் எழுதுகிறவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து எடுங்கள், அல்லது அரங்கு போடும் பதிப்பகத்திடம் கழிவு பேசிப் பத்துப் படி கொடுங்கள். எப்படி என்றாலும் மாலை ஐந்து மணிக்கு மேல் நீங்கள் அங்கே நிற்க வேண்டும். எழுதியவர் நின்று பேசினால் புத்தகத்தைக் கையில் எடுக்கிறார்கள். சென்னைப் புத்தகக் காட்சி ஜனவரியில் வருவதால் தமிழில் புதிய புத்தகங்கள் டிசம்பர், ஜனவரியில் குவிகின்றன. அந்தக் கூட்டத்தில் புது ஆளின் பெயர் மறைந்துவிடும். நம் ஊர்ப் புத்தகத்தை நம் ஊர் சீசனில் வெளியிடலாமே! மாம்பழக் கதைக்கு மே மாதத்தை விட நல்ல நாள் எது?

மின்னூல் பற்றிச் சுருக்கமாக. எழுதியவரே மின்னூல் வெளியிடும் தளமான அமேசான் கேடிபியில் 2016 முதல் தமிழிலும் போடலாம், கட்டணம் இல்லை. அதிலேயே கேடிபி செலக்ட் என்ற திட்டத்தில் சேர்ந்தால் 90 நாள் அந்த மின்னூலை வேறு எங்கும் தரக்கூடாது, அச்சுப் புத்தகத்துக்கு அந்தத் தடை இல்லை. அந்த 90 நாளில் 5 நாள் இலவசமாகக் கொடுக்கலாம். இந்திய விற்பனையில் 70 சதவீத உரிமைத்தொகை வேண்டுமென்றால் செலக்டில் இருந்தாக வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் நம் ஊர்க்காரருக்கு இது நல்ல வழி. மண்டிக்காரருக்கு அச்சுப் புத்தகம்தான்.

காசு போகும் இடங்களையும் சொல்லியாக வேண்டும். புத்தகத்தின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னுக்கு யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். இந்தியாவில் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை இலவசமாகவே தருகிறது, இணையத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். பணம் கட்டினால் விருது என்று வரும் அழைப்புகளுக்குப் பதிலே போடாதீர்கள். என்னிடம் ஒரு நிறுவனம் ‘விளம்பரத் தொகுப்பு’ என்று 12,000 ரூபாய் வாங்கியது. கிடைத்தது என் முகம் போட்ட மூன்று போஸ்டர் படங்கள், அவர்கள் பக்கத்திலேயே மூன்று பதிவுகள். எத்தனை படி விற்றது என்று கேட்டபோது, அது எங்கள் பொறுப்பு இல்லை என்றார்கள். ஒப்பந்தத்திலும் அப்படித்தான் இருந்தது. நான் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தேன். அந்தப் பணம் என் மனைவி சீட்டு எடுத்துக் கொடுத்தது. இன்று வரை அது எனக்கு வலிக்கிறது.

[காட்சி: அதே அட்டைப்பெட்டி. அடியில் பதினேழு படிகள். பக்கத்தில் பெயர்கள் எழுதிய நோட்டு.]

இப்போது பெட்டியில் 17 படி இருக்கிறது. மறுபதிப்புக்கு முன்பதிவு எழுதிக்கொண்டு வருகிறேன். யூபிஐயில் பணம் கட்டியவர் பெயரை மட்டும்தான் இந்த நோட்டில் ஏற்றுகிறேன். இன்றைக்கு 63 பேர். 100 வந்ததும் அச்சகத்துக்குப் போவேன். அதற்குள் ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளிச் சந்தைக்கும் ஒரு நடை போய்ப் பார்க்க வேண்டும்.