கிஸ்தி தெரிந்த முதல்வர்

நேயர்களுக்கு வணக்கம்.

சென்னை அண்ணா சாலையில் ஓமந்தூரார் தோட்டம் எங்கே என்று கேட்டால், பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறதே அங்கே என்று யாரும் வழி சொல்லிவிடுவார்கள். யார் அந்த ஓமந்தூரார் என்று கேட்டால்தான் யோசிப்பார்கள்.

திண்டிவனம் பக்கம், மல்லாட்டை என்கிற நிலக்கடலை விளையும் சீமையில் இருக்கிறது ஓமந்தூர். ஓ.பி. ராமசாமி ரெட்டியார் அங்கே 1895இல் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். காங்கிரசில் சேர்ந்தார், சிறைக்கும் போனார். 1947 மார்ச்சில் அப்போதைய முதல்வர் பிரகாசத்தின் மந்திரிசபை கவிழ்ந்ததும், காமராஜர் தரப்பு ஆதரவோடு சென்னை மாகாணத்தின் முதல்வரானார். ஆந்திரமும் மலபாரும் சேர்ந்திருந்த பெரிய மாகாணம் அது.

ஆலயப் பிரவேசச் சட்டமும் தேவதாசி ஒழிப்புச் சட்டமும் அந்த ஆண்டே வந்தன. அவற்றைப் பலரும் பேசுகிறார்கள். எனக்கு அவருடைய நிலச் சட்டங்கள்தான் முக்கியமாகப் படுகின்றன.

ரயத்துவாரி கிராமத்தில் விவசாயி நேராகச் சர்க்காருக்கே கிஸ்தி, அதாவது நிலவரி, கட்டினார். ஜமீன் கிராமத்தில் ஜமீன்தாருக்குக் கட்ட வேண்டும். மண் ஒன்றுதான், தண்ணீர் ஒன்றுதான். ஆனால் ஜமீன் குடியானவர் பல இடங்களில் பக்கத்து ஊரைவிடக் கூடுதலாகக் கட்டினார். ஜமீனை ஒழிப்பதென்றால் நஷ்டஈடு, சர்வே, கோர்ட்டு வழக்கு என்று வருஷக்கணக்கில் இழுக்கும். அதுவரை குடியானவர் காத்திருக்க முடியுமா? அதனால் முதலில், 1947இல், ஜமீன் வரியைப் பக்கத்து ரயத்துவாரி அளவுக்குக் குறைக்க ஒரு சட்டம் வந்தது. ஜமீன் ஒழிப்புச் சட்டம் அப்புறம், 1948இல். இந்த வரிசையில் எனக்கு ஒரு விவசாயியின் புத்திதான் தெரிகிறது. பட்டா குடியானவருக்குக் கிடைத்தது. அவரிடம் உள்குத்தகைக்கு உழுதவருக்கும் கூலிக்காரருக்கும் அதில் பெரிதாக ஒன்றுமில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

1948இல் பள்ளிகளில் இந்தி திரும்ப வந்ததும், கிளர்ச்சி வெடித்ததும் இவர் ஆட்சியில்தான். அதற்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை.

அதிகாரிகளிடம் சிபாரிசுக்குப் போகும் கட்சிக்காரர்களை அவர் அண்டவிடவில்லை. சொந்தக் கட்சியிலேயே சலசலப்பு வளர்ந்தது. காமராஜர் தரப்போடும் ஒத்துப்போகவில்லை. 1949 ஏப்ரலில் பதவி போய், குமாரசாமி ராஜா வந்தார்.

வள்ளலாரிடம் பக்தி கொண்ட ரெட்டியார் வடலூருக்குப் போனார். அங்கே சுத்த சன்மார்க்க நிலையம் தொடங்கினார், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினார். 1970இல் காலமானார். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் பேருந்தில் அவர் பெயரைச் சொல்லித்தான் டிக்கெட் கேட்கிறார்கள்.

நன்றி, வணக்கம்.