புகைபோக்கி இல்லாத சமையலறை

நேயர்களுக்கு வணக்கம்.

அறிவியல் புனைகதை, ஃபேன்டஸி என்று இப்போது என்னென்ன படித்துக்கொண்டிருக்கிறீர்கள், வந்து சொல்லுங்கள் என்று நிலையத்திலிருந்து கூப்பிட்டார்கள். புத்தம் புதுசாக எதையாவது எதிர்பார்த்திருப்பார்கள். தண்டையார்பேட்டையில் எங்கள் மொட்டைமாடி வாசிப்புக் கூட்டத்தில் இந்தச் சுற்றில் முதலில் எடுத்த கதையோ 1905-ல் வந்தது. அதுவும் இதே சென்னையிலிருந்து வெளிவந்த ஒரு பத்திரிகையில்.

கதையின் பெயர் ‘சுல்தானாவின் கனவு’. எழுதியவர் வங்காளத்தைச் சேர்ந்த பேகம் ரொக்கேயா. ஆங்கிலத்தில் எழுதினார். கமலா சத்தியநாதன் இங்கே நடத்திவந்த ‘இந்தியன் லேடீஸ் மேகஸின்’ அதை வெளியிட்டது. உலகத்தின் முதல் பெண்ணிய அறிவியல் கதைகளில் ஒன்று என்று இன்றைக்குப் பல்கலைக்கழகங்களில் பாடம் நடத்துகிறார்கள். நம் ஊர்ப் பத்திரிகையில் வந்தது என்று நம் ஊரிலேயே பலருக்குத் தெரியாது.

சுல்தானா சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடி கண்ணயர்கிறாள். கனவில் ஒரு நாட்டுக்குப் போகிறாள். அங்கே ஆண்கள் வீட்டுக்குள், பெண்கள் வெளியே. ஆராய்ச்சி, ஆட்சி, போர் எல்லாம் பெண்கள் கையில். ஒரு பல்கலைக்கழகம் பலூன் பறக்கவிட்டு மேகத்திலிருந்தே தண்ணீரை இறக்குகிறது. இன்னொன்று சூரிய வெப்பத்தைச் சேமித்து வைக்கிறது. சண்டைக்கு வந்த எதிரிப்படையை அந்த வெப்பத்தைத் திருப்பிவிட்டே துரத்துகிறார்கள். நாம் கூரைமேல் சோலார் தகடு மாட்டத் தொடங்கியதற்கு எவ்வளவோ காலம் முன்னால் எழுதியது இது.

எங்கள் கூட்டத்தில் ஆங்கிலப் புத்தகம் என்றால், படித்தவர் அதைத் தமிழில் கதையாகச் சொல்வார். முக்கியமான இடம் வந்தால் நிறுத்தி வரிவரியாகச் சொல்வார். அப்படிச் சொல்லும்போது சமையலறை வர்ணனை வந்தது. தோட்டத்துக்கு நடுவே பளிச்சென்று ஒரு சமையலறை. கரி இல்லை, நெருப்பு இல்லை, புகை இல்லை, புகைபோக்கியும் இல்லை. எல்லாம் வெயிலில் வேகிறது.

எர்ணாவூரிலிருந்து வரும் டெய்லர் அக்கா, “அந்த எடத்த இன்னொரு வாட்டி சொல்லுப்பா” என்றார். அவர் வீட்டு மாடியில் நின்றால் அனல் மின் நிலையப் புகைபோக்கிகள் தெரியும். கொடியிலிருந்து எடுக்கிற துணியை உதறாமல் மடித்த நாள் அவருக்குக் கிடையாது. இரண்டாம் தடவையும் கேட்டுவிட்டு, “பொக இல்ல, சரி. பாத்திரம் யாரு கழுவுறது?” என்றார். ஆம்பளைங்கதான் அக்கா என்று சொன்னதும் மாடியில் எழுந்த சிரிப்பில் கீழ்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

அந்தக் கேள்வி எங்களோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. எந்த எதிர்காலக் கதையைப் படித்தாலும் யாராவது ஒருவர் கேட்டுவிடுகிறார்: பாத்திரம் யாரு கழுவுறது? வானம் தொடும் நகரம், பேசும் இயந்திரம், நட்சத்திரக் கப்பல் எல்லாம் சரி. சாம்பல் எங்கே கொட்டுகிறது, சாக்கடையை யார் எடுக்கிறார்கள்? வடசென்னையில் உட்கார்ந்து படிக்கிறவர்களுக்கு இது தானாக வரும் கேள்வி. நகரத்துக்குப் போகும் கரண்ட்டும் பெட்ரோலும் எங்கள் பக்கமிருந்துதான் போகின்றன.

லியு சிஷின் எழுதிய ‘த த்ரீ-பாடி ப்ராப்ளம்’ சீன நாவல். ஆங்கிலத்தில் 2014-ல் வந்து, அடுத்த ஆண்டே அறிவியல் புனைகதை, ஃபேன்டஸிக்கான ஹியூகோ விருது வாங்கியது. மூன்று சூரியன்கள் இருக்கும் ஒரு கிரகம். அங்கே நாளைக்கு வெயிலா பனியா என்று யாராலும் கணக்குப் போட முடியாது. மனிதர்கள் ரொம்பவும் மெலிசாக வரையப்பட்ட நாவல் என்பது என் எண்ணம். ஆனால் அதில் ஒரு காட்சி இருக்கிறது. ஒரு கணினி விளையாட்டுக்குள், சீனச் சக்கரவர்த்தியின் மூன்று கோடிப் படைவீரர்கள் கொடி பிடித்து நின்று, அத்தனை பேரும் சேர்ந்தே ஒரு கம்ப்யூட்டராக மாறுகிறார்கள்.

இதை நாங்கள் மாடியில் செய்து பார்த்தோம். நேயர்களும் செய்யலாம், வீட்டில் நாலு பிள்ளைகள் இருந்தால் போதும். இரண்டு பேரை முன்னால் நிறுத்துங்கள். கையில் ஆளுக்கொரு துண்டு. துண்டைத் தூக்கினால் ஒன்று, தூக்காவிட்டால் பூஜ்யம். அவர்களுக்கு எதிரே மூன்றாவது, நாலாவது பிள்ளை. மூன்றாவது பிள்ளைக்கு ஒரே வேலை: முன்னால் நிற்கும் இருவரும் துண்டைத் தூக்கினால் மட்டும் தானும் தூக்க வேண்டும். நாலாவது பிள்ளை, இருவரில் ஒருவர் மட்டும் தூக்கியிருந்தால் தூக்க வேண்டும். இரண்டும் மேலே இருந்தாலோ இரண்டும் கீழே இருந்தாலோ சும்மா இருக்க வேண்டும். இப்போது முன்னால் இருக்கும் இருவரையும் தூக்கச் சொல்லுங்கள். மூன்றாவது கை மேலே, நாலாவது கை கீழே. ஒன்று, பூஜ்யம். கம்ப்யூட்டர் கணக்கில் அது இரண்டு. ஒன்றும் ஒன்றும் இரண்டு என்று நாலு பிள்ளைகள் சேர்ந்து கூட்டிவிட்டார்கள். அவர்களில் ஒருவருக்கும் கூட்டல் தெரிய வேண்டிய அவசியமில்லை. உங்கள் செல்போனுக்குள் கூட்டல் நடப்பதும் அடிப்படையில் இப்படித்தான். துண்டுக்குப் பதில் மின்சாரம்.

எல்லோரும் கைதட்டிக்கொண்டிருக்கும்போது துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற பெரியவர் கேட்டார்: “மூணு கோடி பேரு வெயில்ல நின்னானே, சோறு யாரு ஆக்கிப் போட்டா?” அது விளையாட்டுக்குள்ளே நடக்கிறது ஐயா என்றோம். அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

ஆனால் இந்தக் கேள்விக்கு எல்லோரும் உடன்பாடு என்று நினைத்துவிட வேண்டாம். கூட்டத்துக்கு வரும் ஒரு கல்லூரி மாணவிக்கு இதைக் கேட்டாலே கோபம் வரும். ஒருநாள் சொல்லியேவிட்டாள். “அண்ணா, எண்ணூரப் பாக்கணும்னா நான் ஜன்னலத் தொறந்தா போதும். புக்க எதுக்குத் தொறக்கணும்?” அவளுக்கு டிராகன் வேண்டும், மந்திரம் வேண்டும், கடல் நடுவே தீவுகள் வேண்டும். அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் பலரும் வாசிப்புக்குள் வந்ததே அம்புலிமாமாவும் முத்து காமிக்ஸும் வழியாகத்தான். 1972-ல் வந்த இரும்புக்கை மாயாவியில், உடம்பில் கரண்ட் பாய்ந்ததும் ஆள் மறைந்து கை மட்டும் தெரியுமே, அந்தக் கையைப் பார்த்துவிட்டு யாரும் மின்வாரியத்தைப் பற்றிக் கேள்வி கேட்கவில்லை.

அந்தப் பெண் கொண்டுவந்த புத்தகம் உர்சுலா லெ குவின் 1968-ல் எழுதிய ‘எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ’. ஆடு மேய்த்த பையன் மந்திரவாதி ஆகிறான். ஆணவத்தில் செய்யக் கூடாத மந்திரத்தைச் செய்து ஒரு நிழலை உலகத்துக்குள் விட்டுவிடுகிறான். அது அவனைத் துரத்துகிறது. மந்திரப் பள்ளிக்கூடக் கதைகள் இன்று குவிந்து கிடக்கின்றன. இது மூத்தது, ரொம்பச் சின்னது, ஒரு வரி கூட வீணில்லை. கதாநாயகன் செம்பழுப்பு நிறத்தவன் என்று ஆசிரியர் தெளிவாக எழுதியிருக்கிறார். அப்படியும் பல பதிப்புகளின் அட்டையில் அவனை வெள்ளைக்காரனாகவே வரைந்தார்கள். அதற்காக அவர் பல வருஷம் சண்டை போட்டார். மாணவி இதைச் சொன்னபோது அவளே கொஞ்சம் சூடாகிவிட்டாள். டிராகன் கதையிலும் நம் சண்டை வந்துவிட்டதே என்று பெரியவர் கிண்டல் செய்தார்.

நிழல் என்றதும் இன்னொரு புத்தகத்தைச் சொல்ல வேண்டும். இந்தச் சுற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். இலங்கை எழுத்தாளர் வஜ்ர சந்திரசேகர எழுதி 2023-ல் வந்த ‘த செயின்ட் ஆஃப் பிரைட் டோர்ஸ்’. இதே வகைக் கதைகளுக்குத் தரும் நெபுலா விருது பெற்ற நாவல். பிறந்தவுடனே தாய், குழந்தையின் நிழலை ஆணியால் பிய்த்து எடுத்துவிடுகிறாள். பிள்ளையை வளர்ப்பதே அவனுடைய அப்பாவைக் கொல்வதற்காக. அப்பா சாதாரண ஆள் இல்லை, ஊரே கும்பிடும் மகான். பையன் வளர்ந்து, எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒரு பெரிய நகரத்துக்கு வந்து, தன்னைப் போன்றவர்களோடு ஒரு குழுவில் உட்கார்ந்து பேசுகிறான். அந்த நகரத்தில் சில கதவுகள் இருக்கின்றன. மூடிக் கிடந்த கதவு ஒருநாள் பளிச்சென்று நிறம் மாறிவிடும். அதற்குப் பிறகு யாராலும் திறக்க முடியாது.

மந்திரம் ஒரு பக்கம் நடக்கும். இன்னொரு பக்கம் செல்போன், அடையாள அட்டை, முகாம், கலவரம், ஊரடங்கு எல்லாம் ஒரே தெருவில் நடக்கும். ஆசிரியர் எதையும் விளக்குவதில்லை. இலங்கையிலிருந்து வந்து இங்கே இருக்கும் தமிழ் நண்பர் ஒருவர் எங்கள் கூட்டத்தில் உண்டு. முகாம் பகுதியை நான் சொல்லிக்கொண்டு வந்தபோது, “அட்டைய ஒவ்வொரு மேசைலயும் காட்டச் சொல்லுவாங்கள், இல்லையோ?” என்று மட்டும் கேட்டார். வேறு பேசவில்லை. நானும் அவசரப்பட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போகவில்லை.

தமிழில் எழுதியதைச் சொல்லாமல் போனால் வீட்டுக்குப் போக முடியாது. சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வை மறுபடி படித்தோம். அவர் குறித்துவைத்த எதிர்காலம் நம் காலண்டரில் வந்து, கிழிந்தும் போய்விட்டது. பெயருக்கு இரண்டு எழுத்துதான், பிள்ளை பெற அரசாங்க அனுமதி வேண்டும் என்பதெல்லாம் நடக்கவில்லை. ஆனால் எதற்கெடுத்தாலும் அடையாள எண்ணைக் கேட்கும் அரசாங்கம் என்று அவர் எழுதியதைப் படித்தபோது எல்லோரும் பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டோம். ஜீனோ என்ற அந்த இயந்திர நாய்க்கு இன்னும் வயசாகவில்லை.

சுதாகர் கஸ்தூரியின் ‘6174’ பெயருக்காகவே கல்லூரிப் பிள்ளைகளை இழுத்தது. பள்ளி ஆசிரியராக இருந்த கப்ரேக்கர் கண்டுபிடித்த எண் அது. எல்லா இலக்கமும் ஒன்றாக இல்லாத எந்த நாலு இலக்க எண்ணையும் எடுத்து, இறங்குவரிசையில் எழுதி, ஏறுவரிசையில் எழுதி, கழித்துக்கொண்டே போனால் ஏழு தடவைக்குள் 6174-ல் வந்து நிற்கும். மணலி சாலையில் டிரெய்லர் லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் நம்பர் பிளேட்டை வைத்து முயலலாம். வரிசை நகர்வதற்குள் விடை வந்துவிடும். தமிழ் அறிவியல் கதைகளில் எனக்கு ஒரு பொதுவான குறை உண்டு. கதாபாத்திரங்கள் திடீரென்று வகுப்பெடுக்க ஆரம்பித்துவிடுவார்கள். சுஜாதா ஒரு கிண்டலைப் போட்டு அதைத் தாண்டிவிடுவார். மற்றவர்களுக்கு அது எளிதாக இல்லை.

மாடியில் ரொம்ப நேரம் பேச்சு நீண்டது ஆக்டேவியா பட்லருக்குத்தான். கறுப்பின அமெரிக்கப் பெண் எழுத்தாளர். ‘பேரபிள் ஆஃப் த ஸோவர்’ என்று 1993-ல் ஒரு நாவல் எழுதினார். கதை தொடங்குவது 2024 ஜூலையில். லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் மதிற்சுவர் எழுப்பி, உள்ளே பயந்து வாழும் ஒரு சின்னக் குடியிருப்பு. பெட்ரோலைவிடத் தண்ணீர் பல மடங்கு விலை. இதைச் சொன்னதும் யாருக்கும் அது எதிர்காலக் கதையாகவே படவில்லை. 2019-ல் புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வில்லிவாக்கத்துக்கு வந்ததே, அந்தக் கோடையில் லாரி வரும் நேரம் தெரியாமல் குடத்தை வரிசையில் போட்டுவிட்டுக் கைப்பிடிச் சுவரில் தூங்கிய கதைகளை ஆளாளுக்குச் சொன்னார்கள்.

அந்த நாவலின் பதின்வயதுப் பெண் லாரன், சுவர் ஒருநாள் விழும் என்று தெரிந்து, முன்கூட்டியே ஒரு பையைக் கட்டி வைக்கிறாள். டெய்லர் அக்கா இங்கேதான் நிமிர்ந்து உட்கார்ந்தார். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் அவர் தெருவில் வெள்ளம் வந்தது. எண்ணூர் முகத்துவாரத்துப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வந்தது. வீட்டுச் சுவர்களில் கறுப்புக் கோடு போட்டுவிட்டுப் போனது. அன்றைக்கு ராத்திரி ரேஷன் கார்டு, ஆதார், பிள்ளைகளின் மார்க் ஷீட் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் கவரில் சுற்றிப் பரணில் வைத்தாராம். பிறகு டார்ச் வெளிச்சத்தில் ஸ்க்ரூடிரைவர் தேடி, தையல் மிஷின் மோட்டாரைக் கழற்றி அதையும் மேலே ஏற்றினாராம். மிஷின் நனைந்தால் துடைத்து எண்ணெய் விடலாம். மோட்டார் போனால் பிழைப்பே போச்சு.

“அந்தப் பொண்ணு பொழப்புக்குன்னு இன்னா எடுத்து வெச்சா?” என்று கேட்டார்.

விதைகள் என்றேன். காய்கறி விதைகள்.

“வெவரமானவதான்” என்றார். பாத்திரக் கேள்வியை அன்றைக்கு அவர் கேட்கவில்லை.

இப்போது கையில் ஓடுவது என்.கே. ஜெமிசினின் ‘த ஃபிஃப்த் சீசன்’. மூன்று நாவல்களின் முதல் பாகம். மூன்றும் அடுத்தடுத்து 2016, 2017, 2018 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் ஹியூகோ வாங்கின. அதற்கு முன் யாரும் அப்படி வாங்கியதில்லை. பூமி அடிக்கடி குலுங்கும் ஒரு கண்டம். நடுக்கத்தை அடக்கும் சக்தி சிலருக்குப் பிறவியிலேயே இருக்கிறது. ஊரைக் காப்பாற்றுகிறவர்கள் அவர்கள்தான். ஊர் கிட்டே சேர்க்காமல் ஏசுவதும் அவர்களைத்தான். கதை யாரைப் பற்றியது என்று எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு விளக்க வேண்டியிருக்காது.

புத்தகம் தற்சமயம் கூட்டத்தில் இருக்கும் நர்ஸ் அக்காவிடம் இருக்கிறது. நைட் டியூட்டி முடிந்து பஸ்ஸில் வரும்போது படிக்கிறார். கதையின் ஒரு பகுதி முழுக்க “நீ” என்று வாசகரைப் பார்த்தே பேசுவதுபோல எழுதப்பட்டிருக்கும். முதல் நாள் அது எரிச்சலாக இருந்ததாம். இப்போது, மூன்று பாகமும் முடியாமல் யாருக்கும் தர மாட்டேன் என்கிறார். பெரியவர் வரிசையில் அடுத்து நிற்கிறார். டிராகன் வரும் புத்தகம் ஏதாவது கிடைத்தால் அதற்குள் கொண்டுவருகிறேன் என்று மாணவி மிரட்டியிருக்கிறாள்.

நன்றி. வணக்கம்.