மரத்தடியில் விழுந்த கத்தி

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம். இத்தாலிய வணிகப் படங்களில் கிறிஸ்துமஸ் உயிரோடு இருப்பது சிரிப்புப் படங்களிலா, திகில் படங்களிலா என்பதுதான் இன்றைய தலைப்பு. நான் திகில் பக்கம்.

எதிரணித் தலைவர் 'சினெபனெத்தோனெ' பற்றி நன்றாகவே பேசினார். பனெத்தோனெ என்பது மிலானில் பிறந்த கிறிஸ்துமஸ் கேக், அதைப் போலவே டிசம்பர் தவறாமல் வந்து இறங்கும் சிரிப்புப் படங்களுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது, 1983-ல் கார்லோ வான்சினாவின் 'வகான்சே தி நதாலே', அதாவது கிறிஸ்துமஸ் விடுமுறை, தொடங்கி வைக்க, குடும்பம் குடும்பமாக ஜனங்கள் தியேட்டருக்குப் போனார்கள் என்றார். எதையும் நான் மறுக்கவில்லை. அந்த முதல் படம் எனக்கும் பிடிக்கும். கோர்த்தினா பனிமலையில் காசுள்ளவர்களுக்கு நடுவே ரோமிலிருந்து ஒரு கசாப்புக்கடைக் குடும்பம் வந்து நிற்கும்போது அந்தக் காலத்து இத்தாலியே தெரிகிறது. அப்புறம் என்ன ஆயிற்று? அடுத்தடுத்து வந்த படங்களின் தலைப்புகளைப் பாருங்கள். 2002-ல் நைல் நதியில் கிறிஸ்துமஸ், 2003-ல் இந்தியாவில் கிறிஸ்துமஸ், 2005-ல் மயாமி, 2008-ல் ரியோ. ஊர் மாறுகிறது, ஹோட்டல் மாறுகிறது, கள்ளக்காதல் குழப்பம் மட்டும் அப்படியே இருக்கிறது. தலைப்பில் உள்ள கிறிஸ்துமஸை எடுத்துவிட்டு 'கோடை விடுமுறை' என்று போட்டாலும் கதை ஓடும். அங்கே பண்டிகை என்பது ரிலீஸ் தேதி, அவ்வளவுதான்.

சரி, என் பக்கத்துக்கு வருகிறேன். 1975, தாரியோ அர்ஜென்தோ எடுத்த திகில் படம் 'ப்ரொஃபோந்தோ ரோஸ்ஸோ', ஆழ்ந்த சிவப்பு. கறுப்புத் திரையில் பெயர்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன, காப்ளின் குழுவின் இசை அதிர்கிறது. திடீரென்று அது நின்று, ஒரு குழந்தைப் பாட்டு கேட்கிறது. ஒரு வீடு, ஒரு கிறிஸ்துமஸ் மரம். சுவரில் இரண்டு நிழல்கள், ஒன்று மற்றொன்றைக் குத்துகிறது, அலறல். ரத்தம் தோய்ந்த கத்தி தரையில் வந்து விழுகிறது. அதன் பக்கத்தில் வெள்ளை சாக்ஸ் போட்ட ஒரு குழந்தையின் கால்கள் வந்து நிற்கின்றன. ஒரு முகம்கூடக் காட்டவில்லை. உடனே பழைய இசை, பழையபடி பெயர்கள்.

இரண்டு மணி நேரப் படமும் அந்தக் குழந்தையின் கிறிஸ்துமஸிலிருந்துதான் பிறக்கிறது. கொலைக்கு முன்னால் ஒலிப்பது அதே பாட்டுதான். டூரின் நகரத்து வில்லா ஸ்காட் என்ற மாளிகையில் எடுத்த காட்சியில் கதாநாயகன் சுவர்ப்பூச்சைச் சுரண்டச் சுரண்ட உள்ளே இருந்து ஒரு குழந்தை கிறுக்கிய படம் வெளியே வருகிறதே, அதிலும் மரம் இருக்கிறது. பண்டிகையை எடுத்துவிட்டால் இங்கே கதையே இல்லை, நடுவர் அவர்களே.

அதே 1975-ல் ஆல்தோ லாதோ எடுத்த 'லுல்த்திமோ த்ரேனோ தெல்லா நொத்தே', இரவின் கடைசி ரயில். ப்ரொஃபோந்தோ ரோஸ்ஸோவில் கொலையாளியை முதலில் உணர்கிற மனோசக்திப் பெண்ணாக நடித்த மாஷா மெரில், இதில் கொடுமையைத் தூண்டிவிடும் பெண்மணியாக வருகிறார். மியூனிக்கிலிருந்து இரண்டு இளம்பெண்கள் கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு ரயிலேறுகிறார்கள். அப்பாவுக்குப் பரிசாக மகள் ஒரு டை வாங்கியிருக்கிறாள். ரயிலில் அவர்களுக்கு நடப்பதை இந்த மேடையில் விவரிக்க எனக்கு மனம் வரவில்லை. அதே நேரம் வீட்டில் அப்பாவும் அம்மாவும் விருந்தாளிகளோடு சாப்பிட்டுக்கொண்டிருப்பதை லாதோ மாற்றி மாற்றிக் காட்டுகிறார். காலையில் ஸ்டேஷனில் பெற்றவர்கள் காத்து நிற்கிறார்கள், பெண்கள் இறங்கவில்லை. அப்புறம் அந்த டையை வேறொருவன் கழுத்தில் அம்மா பார்க்கிறாள்.

எதிரணிச் சகோதரி ஒருவர், பண்டிகை நாளில் ரத்தம் காட்டுவது பண்டிகைக்கே அவமரியாதை என்று வருத்தப்பட்டார். சகோதரி, அந்த டை ஏன் நம் நெஞ்சை அடைக்கிறது? பிள்ளை வீட்டுக்கு வந்து சேர வேண்டிய நாள் அது என்று படம் மனதார நம்புகிறது, அதனால்தான். பிள்ளைக்காகக் காத்திருக்கிற வீட்டின் அருமை தெரியாதவரால் அப்படி ஒரு காட்சியை எடுக்கவே முடியாது.

கடைசியாக, 1992-ல் மரியோ மோனிச்செல்லி எடுத்த 'பரென்தி செர்பென்தி', பாம்புச் சொந்தங்கள். இதை எதிரணி தங்கள் கணக்கில் எழுதிக்கொண்டது. சிரிப்புப் படம்தான், மறுக்க மாட்டேன். சுல்மோனா ஊரில் வயதான அப்பா அம்மா வீட்டில் பிள்ளைகள் எல்லோரும் கிறிஸ்துமஸுக்குக் கூடுகிறார்கள், ஒரு சின்னப் பேரன் நமக்குக் கதை சொல்கிறான், ஒரே கலகலப்பு. இனிமேல் தனியாக இருக்க முடியாது, உங்களில் யாராவது ஒருவர் வீட்டுக்கு வந்துவிடுகிறோம் என்று அம்மா சொல்கிறாள். அந்த நிமிடத்திலிருந்து பிள்ளைகளின் முகங்களைப் பாருங்கள். ஆளாளுக்கு ஒரு காரணம், ஆளாளுக்கு ஒரு சண்டை. கடைசியில் எல்லோரும் ஒன்றுசேர்ந்து அப்பா அம்மாவுக்கு ஒரு பரிசு கொடுக்கிறார்கள், ஒரு கேஸ் ஹீட்டர். புத்தாண்டு இரவு, ஊரெல்லாம் வாணவேடிக்கை. அந்த வெடிச்சத்தத்தோடு இன்னொரு வெடிச்சத்தமாக அந்த வீடும் போகிறது.

நடுவர் அவர்களே, அந்த இடத்தில் தங்களுக்குச் சிரிப்பு வந்ததா என்று மட்டும் எதிரணியைக் கேட்டுச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.