கால் குளிசையில் அறிவு வளராது

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, நுளம்புக்கடியையும் பொறுத்துக்கொண்டு வாசிகசாலை முற்றத்தில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

பரீட்சைக்குப் படிக்கும் மாணவன் மனநல மருந்துகளைக் கால் குளிசையாக நறுக்கி, மிகச் சிறிய அளவில் எடுத்து மூளையின் திறனைக் கூட்டலாம் என்கிறது எதிரணி. கூடாது என்கிறோம் நாங்கள். இருமுனை மனநோய்க்குக் கொடுக்கும் லிதியத்தை எதிரணித் தலைவர் புகழ்ந்த புகழ்ச்சியில், நாளைக்கே உரக்கடையில் யூரியாவுக்குப் பக்கத்தில் அதையும் அடுக்கிவிடுவார்களோ என்று பயந்துபோனேன்.

ஜப்பானின் ஒயிட்டா மாகாணத்தில் குழாய்நீரில் லிதியம் கூடிய ஊர்களில் தற்கொலை குறைவு என்றார். 2009இல் வந்த ஆய்வு அது, மறுக்கவில்லை. ஆனால் அங்கே எண்ணியது தற்கொலைகளை, யாருடைய பரீட்சைப் புள்ளிகளையும் அல்ல. அந்த நீரிலும் லீற்றருக்கு 60 மைக்ரோகிராம்கூட இல்லை. சவர அலகால் நறுக்கும் கால் குளிசையோ மில்லிகிராம் கணக்கு. ஒரு மில்லிகிராமுக்கு 1000 மைக்ரோகிராம் என்பதை உயர்தரத்தில் இரசாயனவியல் படிக்கும் பிள்ளைக்கு நான் சொல்லித்தர வேண்டுமா?

லிதியம் தேவையான நோயாளிக்கு அது அருமருந்து. ஆனால் வைத்தியர் அதை எழுதிக்கொடுத்ததோடு நிற்பதில்லை. கடைசிக் குளிசை போட்டு 12 மணிநேரம் கழித்து இரத்தம் எடுத்துப் பார்க்கிறார். பெரும்பாலும் லீற்றருக்கு 0.6 முதல் 1 மில்லிமோல் வரை இருக்கலாம்; 1.5ஐத் தாண்டினால் நஞ்சு. தைரொயிட்டையும் சிறுநீரகத்தையும் இடையிடையே சோதிக்கிறார். ஏனென்றால் லிதியம் வெளியேறுவது சிறுநீரகத்தின் வழியாக. வியர்த்து உடல் வறண்டால் அது இரத்தத்தில் தேங்கும். அருவி வெட்டிய முதுகுவலிக்கு நாம் வாங்கிப் போடும் டைக்ளோபெனாக்கும் அதைத் தேக்கும். வன்னி வெயிலில், காரணம் பிடிபடாத சிறுநீரக நோய் வவுனியாவரை வந்துவிட்ட மண்ணில் நின்றுகொண்டு, 'சிறிய அளவுதானே' என்கிறார் தலைவர்!

சரி, பலனாவது உண்டா? அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் நலமான 40 பேருக்கு, கவனக்குறைவுக்கும் தூக்கக் கோளாறுக்கும் கொடுக்கும் மெதைல்பெனிடேட், மொடாஃபினில் போன்ற மருந்துகளைக் கொடுத்து, எடை மீறாமல் அதிக மதிப்புள்ள பொருள்களைப் பையில் அடுக்கும் கணக்கைச் செய்யவைத்தார்கள். 2023இல் முடிவு வந்தது. மருந்து போட்டவர்கள் கூடுதல் நேரம் உழைத்தார்கள், பொருள்களை மாற்றி மாற்றி வைத்தார்கள். விடை மட்டும் திருந்தவில்லை. மருந்தில்லாமல் நன்றாகச் செய்தவர்கள்கூடச் சறுக்கினார்கள். அது முழு அளவு என்பீர்கள். நுண்ணளவையும் பார்த்துவிட்டார்கள். 2021இல் லண்டன் இம்பீரியல் கல்லூரி வெளியிட்ட ஆய்வில் 191 பேர்; எடுத்தது பெரும்பாலும் எல்.எஸ்.டி. என்ற மாயக்காட்சி தரும் போதைப்பொருள். மருந்தில்லாத வெற்று உறையை விழுங்கியவர்களும் ஏறத்தாழ அதே முன்னேற்றத்தைக் கண்டார்கள்.

இன்னொன்றையும் சொல்லியாகவேண்டும். நம் ஊரில் உண்மையாகவே இந்தக் குளிசை தேவைப்படுபவர், கிளினிக் கொப்பியைப் பத்திரிகைத் தாளில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறுகிறார். வெளியே தெரிந்தால் மகளின் சம்பந்தம் குழம்பிவிடும் என்ற பயம். அவர் போட்டால் பைத்தியக் குளிசை, வெட்டுப்புள்ளிக்காக நாம் போட்டால் அறிவுக் குளிசையா?

அடுத்துப் பேசவரும் எதிரணிச் சகோதரி வேறெதையும் தொடுமுன் இதற்கு விடை சொல்லட்டும்: கால் குளிசை போடும் அந்த மாணவனுக்கு இரத்தம் எடுத்துப் பார்ப்பது யார், எந்தக் கிளினிக்கில்?