எல்லைக்கோடும் ஊற்றுகளும்: நெகேவ் வரைபடத்தைப் படிக்கும் விதம்

அவையோருக்கு வணக்கம்.

திரையில் தெரிவது, இன்றைய இஸ்ரேலின் தெற்கில், பீர்ஷேபா நகருக்குத் தெற்கே செங்கடல் ஓரத்து அகபா வரை விரியும் நெகேவ் பாலையின் பழைய வரைபடம். பாலஸ்தீன ஆய்வு நிதியம் என்ற பிரிட்டிஷ் அமைப்பு 1870-களில் எடுத்த நில அளவை பீர்ஷேபாவை ஒட்டியே நின்றுவிட்டது. அதற்குத் தெற்கே இருந்த வெற்றிடத்தை 1914-இல் பிரிட்டிஷ் ராணுவத்தின் கேப்டன் நியூகோம்பின் குழுவினர் அளந்தார்கள். தொல்லியல் ஆய்வுக்கென்று தொல்லியலாளர்கள் லியோனார்ட் வூலியும் டி. இ. லாரன்சும் ('அரேபியாவின் லாரன்ஸ்') உடன் சென்றனர். உள்நோக்கம் ராணுவத் தேவை.

மேற்கு ஓரத்துக் கோட்டைப் பாருங்கள். ரஃபாவிலிருந்து அகபா வளைகுடா வரை, 1906 அக்டோபர் 1-இல் ஒட்டோமான் (துருக்கி), எகிப்து தரப்புகள் ஒப்புக்கொண்ட எல்லை அது. குசைமா, ஐன் குதைராத், ஐன் கதைஸ் ஆகிய ஊற்றுகள் எகிப்துப் பக்கம் போய்விட்டன. அதனால்தான் இருபுறத்துப் பழங்குடிகளும் வழக்கம்போல் தண்ணீர் எடுக்கலாம், மேற்கே உள்ள நீரைத் துருக்கிப் படையினரும் பயன்படுத்தலாம் என்று ஒப்பந்தத்தில் ஷரத்து சேர்த்தார்கள். அந்த ஷரத்து தெரியாமல் இந்தக் கோட்டைப் படிப்பது வீண்.

இனி நீர்க்குறிகள். 'ஐன்' என்றால் தானாகச் சுரக்கும் ஊற்று. 'பீர்' கிணறு, கயிறும் வாளியும் இல்லாமல் பயனில்லை. 'ஹராபா' பாறையில் வெட்டிய மழைநீர்த் தொட்டி. 'தமீலா' வாதியின், அதாவது மழைவெள்ளத்தில் மட்டும் ஓடும் வறண்ட ஆற்றுப்படுகையின், மணலில் தோண்டும் ஊற்று, நம் ஆற்றுமணலில் தோண்டுவது போலத்தான். வெள்ளம் வந்துபோன பிறகு அதில் நீர் கிடைக்கும். கோடை முற்றினால் வற்றிவிடலாம். இந்த அளவைப் பணி நடந்தது குளிர்காலத்திலும் வசந்தத்திலும். ஆகவே தமீலாவை ஆண்டு முழுவதும் கிடைக்கும் நீராகக் கணக்கிடவே கூடாது. 'ஐன்' என்று போட்டிருந்தாலும் எல்லாம் ஒன்றல்ல: குதைராத்தின் நீர் ஓடையாக ஓடித் தோட்டம் வளர்க்கிறது, கதைஸ் மிகச் சிறியது.

1:1,25,000 அளவுத் தாளில் 1 மில்லிமீட்டர் என்பது தரையில் 125 மீட்டர். ஊற்றுக்குறியின் அகலமே அவ்வளவு வரும். இத்தகைய விரைவு அளவைகளில் அனராய்டு பாரமானியால் (காற்றழுத்தத்தை வைத்து உயரம் காட்டும் கையடக்கக் கருவி) எடுத்த உயரங்களையும் அப்படியே நம்பாதீர்கள். காற்றழுத்தம் 1 மில்லிபார் மாறினால் உயரம் எட்டு மீட்டருக்கு மேல் பிசகும். காலைக்கும் மாலைக்கும் இடையிலேயே இரண்டு மூன்று மில்லிபார் ஏறி இறங்கும்.

இந்த வரைபடத்தைச் செயற்கைக்கோள் படத்தின் மேல் பொருத்தும்போது ஓரத்தில் அச்சிட்ட அட்சதீர்க்கக் கோடுகளை மட்டும் பிடித்துக்கொண்டால் எல்லாமே நூற்றுக்கணக்கான மீட்டர் நகர்ந்துவிடும். அட்சதீர்க்கங்களைக் கணக்கிட எடுத்துக்கொண்ட அன்றைய அளவை ஆதாரம் வேறு, இன்றைய ஜிபிஎஸ் ஆதாரம் வேறு. அப்தா, சுபைதா, கலாசா இடிபாடுகளையும், பாறைக்கரை உள்ள வாதிச் சந்திப்புகளையும் கட்டுப்புள்ளியாக, அதாவது இரண்டு படங்களிலும் ஒரே இடமாகப் பொருத்த வேண்டிய புள்ளியாக, எடுங்கள். மணல்மேடு வேண்டாம், அது இடம்பெயரும். தாள் முழுவதும் பரவலாக எட்டுப் புள்ளிகளாவது வேண்டும். ஊற்றுகளை அதில் சேர்க்காதீர்கள். பொருத்தி முடித்ததும் அவை எங்கே விழுகின்றன என்று பார்த்தால்தான் வேலை சரியா என்று தெரியும்.